நோயைத் தானே சொன்ன நாட்டுக்குத் தண்டனையா? மாட்டுத் தீவனம், மூளைநோய், இறைச்சி ஏற்றுமதி

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 2

2021 செப்டம்பரில் பிரேசில் தன் மாடுகளில் இரண்டுக்கு, இறைச்சி வழியே மனிதரையும் தாக்கக்கூடிய பிஎஸ்இ எனும் மூளைநோய் இருந்ததைத் தானாகவே அறிவித்தது. ஒன்று மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலும் மற்றது மாட்டோ க்ரோஸோ மாநிலத்திலும் கண்டறியப்பட்டன. இரண்டும் வயதான பசுக்கள். ஆனாலும் சீனாவுக்குப் போக வேண்டிய இறைச்சி டிசம்பர் நடுப்பகுதி வரை நின்றுபோனது. தேடிக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்டவனுக்கு அபராதம், தேடாமல் இருந்தவனுக்குச் சந்தை. இதில் நோய்த்தடுப்பு எங்கே இருக்கிறது? விலையைக் குறைப்பதற்கான பேரத் தந்திரம் என்று நான் சொல்கிறேன். மறுப்பவர் உண்டா?

ஜூன் 2, இரவு

பாதியை மறுக்கிறேன். பிஎஸ்இ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று தீவனத்தின் வழியே மாட்டிலிருந்து மாட்டுக்குப் போன பழைய வகை. பிரிட்டனை ஆட்டிப்படைத்தது அதுதான். மற்றது வயதான மாடுகளில் எப்போதாவது ஒன்றுக்கு, பெரும்பாலும் எட்டு வயதைத் தாண்டிய பிறகு, தானாகவே தோன்றுவதாகக் கருதப்படும் அரிய வகை. பிரேசிலின் இரண்டு பசுக்களும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கொண்டு அந்த நாட்டின் தீவன ஆலைகள் கெட்டுவிட்டன என்று யாரும் முடிவுகட்ட முடியாது. அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் எந்த வகை என்பது முதல் நாளே தெரிந்துவிடுவதில்லை. மாதிரி கனடாவில் உள்ள சர்வதேச ஆய்வகத்துக்குப் போய், முடிவு வர வேண்டும். மேலும், இறைச்சி வாங்குகிற நாடு அந்த ஒரு மாட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அந்த மாடு கன்றாக இருந்தபோது என்ன தின்றது, அதே தீவனத்தை வேறு எத்தனை மாடுகள் தின்றன என்பதுதான் அதன் கவலை. பிரிட்டன் 1988 ஜூலை 18 அன்று அசைபோடும் விலங்குகளுக்கு அசைபோடும் விலங்குகளின் இறைச்சி எலும்புத் தூளைப் போடக் கூடாது என்று தடை விதித்தது, அதன் பிறகு நோய் அடங்கியது. ஆகவே தீவனத்தைச் சரிசெய்தால் நோய் நிற்கும் என்பது நிரூபணமான விஷயம்.

ஜூன் 3

நேற்று எழுதிய கடைசி இரண்டு வரிகளை இன்று காலையில் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. "அதன் பிறகு நோய் அடங்கியது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நடந்தது வேறு. தடை வந்த பிறகும் நான்கு ஆண்டுகள் நோய் ஏறிக்கொண்டே போய், 1992இல் ஒரே ஆண்டில் 37,000க்கும் மேற்பட்ட மாடுகளில் உறுதியானது. இதில் ஒரு பகுதியை எளிதாக விளக்கலாம். நோய் வெளியே தெரிய சராசரியாக நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், 1992இல் தள்ளாடி விழுந்த மாடு தடைக்கு முன்பே தீவனத்தில் நோயை வாங்கியிருக்கும்.

விளக்க முடியாமல் நின்றது இன்னொரு பகுதி. தடைக்குப் பிறகு பிறந்த கன்றுகளிலும் 40,000க்கும் மேற்பட்டவை பின்னாளில் நோய்ப்பட்டன. சட்டப்படி அந்தக் கன்றுகளின் வாயில் ஒரு துணுக்கு எலும்புத் தூள்கூடப் போயிருக்கக் கூடாது. பண்ணைகளில் பழைய கையிருப்பு கொஞ்சம் தீர்ந்திருக்கும். அது முதல் சில மாதங்களுக்கான கணக்கு மட்டுமே. பெரிய காரணம், தடை மாடு, ஆடுகளின் தீவனத்துக்கு மட்டும் இருந்ததுதான். பன்றிக்கும் கோழிக்கும் அதே தூளைப் போட அனுமதி தொடர்ந்தது. அந்தத் தீவனமும் மாட்டுத் தீவனமும் பல இடங்களில் ஒரே ஆலையில், ஒரே கலவை எந்திரத்தில் அரைபட்டன. எந்திரத்தின் மூலையில் ஒட்டியிருந்ததே போதுமானதாக இருந்தது. பின்னாளில் நடந்த சோதனையில், நோயுற்ற மூளைத் திசுவில் 1 மில்லிகிராம் மட்டும் வாய்வழி கொடுக்கப்பட்ட 15 கன்றுகளில் ஒன்றுக்கு நோய் வந்தது. ஒரு மில்லிகிராம் என்பது உப்புத்தூளில் சில பரல்கள். 1996 ஆகஸ்ட் 1 முதல் எல்லாப் பண்ணை விலங்குகளின் தீவனத்திலும் பாலூட்டிகளின் இறைச்சி எலும்புத் தூள் முழுமையாக விலக்கப்பட்ட பிறகுதான் அந்த ஒழுக்கு ஏறக்குறைய அடைபட்டது.

இந்த நோய் முதலில் கிளம்பியதற்கு, 1970களின் இறுதியில் இறைச்சிக்கூடக் கழிவுகளை உருக்கித் தூளாக்கும் ஆலைகள் கரைப்பான் பயன்படுத்துவதை நிறுத்தி வெப்பத்தையும் குறைத்ததே காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 3, மாலை

"புல் தின்னும் விலங்குக்கு எலும்பை யார் போடச் சொன்னார்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். பால் கணக்குச் சொன்னது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் கறக்கும் பசு, புல்லையும் தவிட்டையும் மட்டும் தின்று அந்தப் புரதத்தை ஈடுகட்டாது. புண்ணாக்குக்கும் சோயாவுக்கும் விலை ஏறும்போது, இறைச்சிக்கூடக் கழிவிலிருந்து வரும் தூள் மலிவாகக் கிடைத்தது. பல பத்தாண்டுகளாகப் போட்டுவந்தார்கள். வாடிக்கையாகிவிட்ட எதுவும் வினோதமாகத் தோன்றுவதில்லை. பசுவிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஜூன் 5

நான் ஏன் ஆலை, ஆலை என்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தீவன ஆலையின் ஆய்வறையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். பெயர் வேண்டாம். கோழித் தீவனமும் கறவைத் தீவனமும் ஒரே கூரைக்குள் தயாராகும் இடம் அது. என் மேசையில் வாரத்துக்கு நாற்பது ஐம்பது மாதிரிகள் வரும். ஒவ்வொன்றிலும் கரண்டியளவு எடுத்து, கூம்பு வடிவக் கண்ணாடிப் புனலில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற கனமான திரவத்தை ஊற்றி அதில் கொட்டிக் கலக்க வேண்டும். தவிடும் புண்ணாக்கும் மேலே மிதந்துவிடும்; எலும்பும் தாது உப்புகளும் மணலும் அடியில் படியும். அடியில் படிந்ததை உலர்த்தி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அலிசரின் சாயம் போட்டால் எலும்புத் துணுக்கு செக்கச்செவேலென்று எழுந்து நிற்கும். சாயமில்லாமல் பார்த்தால் அதற்குள் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். எலும்புச் செல்கள் இருந்த குழிகள் அவை. மீன் எலும்பில் அந்தக் குழிகள் நீண்டு மெலிந்து கோடுபோல் இருக்கும். பறவைக்கும் பாலூட்டிக்கும் வேறுபாடு சொல்வதில்தான் கண் தடுமாறும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குத் தடுமாறியது.

ஒரு நாள் கறவைத் தீவன மாதிரியில் சிவப்பாக நான்கு துணுக்குகள் தெரிந்தன. ஒன்றுக்கு மேற்பட்டவை மீனல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூலப்பொருள் மூட்டைகளைத் திரும்பச் சோதித்தோம், சுத்தமாக இருந்தன. கடைசியில், அரைத்த தீவனத்தை மேல்தளத்துக்கு ஏற்றும் வாளிச் சங்கிலியின் அடிக்குழியைத் திறந்தார்கள். சங்கிலியின் வாளிகள் எட்டாத தரையில் ஒரு முழங்கை ஆழத்துக்குப் பழைய தீவனம் இறுகிக் கிடந்தது. கோழித் தீவனம் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் விழுந்து சேர்ந்து, கறவைத் தீவனம் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் பெயர்ந்து ஏறியிருக்கிறது. மேலாளர் சிரித்துக்கொண்டே, ஐந்து டன்னில் ஒரு சிட்டிகை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார். அன்று நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். மேலே சொன்ன ஒரு மில்லிகிராம் கணக்கைப் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

ஜூன் 6

3ஆம் தேதிக் குறிப்பின் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். உருக்காலைகள் முறையை மாற்றியதே காரணம் என்பது நெடுங்காலம் எல்லோரும் சொல்லிவந்த விளக்கம்; நானும் ஆலையில் புதியவர்களுக்கு அப்படித்தான் பாடம் எடுத்தேன். பிரிட்டனில் பிலிப்ஸ் பிரபு தலைமையில் நடந்த விசாரணை 2000 அக்டோபரில் 16 தொகுதிகளாக வெளியிட்ட அறிக்கை அதை ஏற்கவில்லை. பழைய முறையும் இந்த நோய்க்காரணியை முழுமையாக அழிக்கக்கூடியதாக என்றுமே இருந்ததில்லை என்பது அதன் முடிவு. அதாவது, மாற்றத்தால் ஓட்டை விழவில்லை, ஓட்டை முதலிலிருந்தே இருந்தது. ஏதோ ஒரு மாட்டில், ஒருவேளை 1970களில், நோய் தோன்றி, அதன் உடல் தூளாகி, தூள் தீவனமாகி, தீவனம் தின்ற மாடுகள் மறுபடி தூளாகிச் சுற்று பெருகியது. செம்மறியாடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி எனும் இதேபோன்ற மூளைநோயிலிருந்து தாவியது என்ற கருத்தையும் அந்த அறிக்கை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு கூடிய இன்னொரு குழு அதை அப்படி ஒதுக்கிவிட முடியாது என்றது.

இன்று ஐரோப்பாவில் கழிவைப் பதப்படுத்த 133 டிகிரி வெப்பம், 3 பார் அழுத்தம், 20 நிமிடம் என்று வைத்திருக்கும் அளவுகூடக் காரணியைக் குறைக்கும், அறவே ஒழித்துவிடும் என்று சொல்ல முடியாது. ஸ்டான்லி புரூசினர் 1982இல் பிரியான் என்று பெயர் வைத்த இந்தக் காரணி உயிருள்ள கிருமியே அல்ல. வடிவம் பிறழ்ந்த ஒரு புரதம். உயிரில்லாததைக் கொல்வது எப்படி என்று என் உதவியாளர் ஒருவர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 8

கேள்வி கேட்டவர் மறுபடியும், "அப்படியானால் ஒவ்வொரு மாட்டையும் சோதித்துவிட்டு விற்கட்டுமே" என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜப்பான் அதைச் செய்தும் காட்டியது. 2001 செப்டம்பரில் முதல் மாடு பிடிபட்டதும், அக்டோபர் 18 முதல் உணவுக்காக வெட்டப்படும் ஒவ்வொரு மாட்டுக்கும் சோதனை என்று அறிவித்தது. மக்களின் அச்சம் தணிந்தது. ஆனால் சோதனை எதைக் கண்டுபிடிக்கும் என்று பாருங்கள். வெட்டிய தலையின் பின்மண்டைத் துளைக்குள் நீண்ட காம்புள்ள கரண்டியை விட்டு, முகுளத்தில் வி எழுத்துப்போல் பிளவுபடும் இடத்தைச் சிதையாமல் வழித்து எடுக்க வேண்டும். ஒருமுறை நான் அருகில் நின்று பார்த்தேன். கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் கூழாக்கிவிட்டார். பிறழ்ந்த புரதம் அந்த இடத்தில் தெரியும் அளவுக்குச் சேர்வது நோயின் கடைசி மாதங்களில்தான். இரண்டு வயதில் வெட்டப்படும் மாட்டுக்கு நோய் தொற்றியிருந்தாலும், நோய் இல்லை என்றே சோதனை சொல்லும். ஆகவே இளம் மாட்டின் சோதனைச் சீட்டு, கலங்கலான கண்ணாடியில் முகம் பார்ப்பதற்குச் சமம். ஜப்பானும் படிப்படியாக வயது வரம்பு வைத்து, 2013இல் 48 மாதம் வரை தளர்த்திவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த கிரீக்ஸ்டோன் ஃபார்ம்ஸ் என்ற நிறுவனம், ஜப்பான் வாடிக்கையாளர்களுக்காகத் தன் செலவிலேயே எல்லா மாடுகளையும் சோதிக்க 2004இல் அனுமதி கேட்டது. வேளாண் துறை மறுத்தது. வழக்கு நடந்தது, 2007இல் நிறுவனத்துக்குச் சாதகமாகவும் 2008இல் மேல்முறையீட்டில் அரசுக்குச் சாதகமாகவும் தீர்ப்பு வந்தது. சோதனையால் பெரிய பயன் இல்லை என்ற அரசின் அறிவியல் சரிதான். ஆனால் வாங்குபவன் கேட்பதைத் தன் காசில் செய்து கொடுக்க முன்வரும் விற்பவனைத் தடுப்பதில் எனக்கு இன்றுவரை நெருடல் இருக்கிறது. ஒருவர் சோதித்தால் மற்றவர்களும் சோதிக்க வேண்டிவரும் என்ற பயம் பெரிய நிறுவனங்களுக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஜூன் 8, பின்னிரவு

கனடாவை மறந்துவிட்டேன். அல்பெர்ட்டாவில் ஒரு பசு 2003 ஜனவரி இறுதியில் வெட்டப்பட்டது. நிமோனியா என்று கருதி உடலை உணவுக்கு ஆகாது என ஒதுக்கிவிட்டார்கள். தலை மட்டும் ஆய்வகத்துக்குப் போய், அவசரமில்லாத வரிசையில் காத்துக் கிடந்தது. முடிவு அறிவிக்கப்பட்டது மே 20 அன்று. அன்றே அமெரிக்கா எல்லையை மூடியது. உயிருள்ள இளம் மாடுகளுக்கு அந்த எல்லை திறக்க 2005 ஜூலை ஆயிற்று. அல்பெர்ட்டாவின் முதல்வர் ரால்ஃப் க்ளைன், தன்மானமுள்ள பண்ணைக்காரன் அந்த மாட்டைச் சுட்டுப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான் என்ற பொருளில் அதே ஆண்டு பேசினார். உங்கள் முதல் கேள்வியின் சாரத்தை ஒரு மாநிலத் தலைவரே பொதுமேடையில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை எண்ணும்போது, தண்டனை கடுமையாக இருந்தால் மண்வெட்டிதான் விற்கும் என்ற உங்கள் பக்கத்துக்கு நான் கொஞ்சம் சாய்கிறேன்.

ஜூன் 9

சோதனை உதவாது என்றால் எது காக்கிறது என்று கேட்டால், கத்தி. மூளை, தண்டுவடம், கண் போன்ற ஆபத்தான பாகங்களை வெட்டும்போதே பிரித்து அழித்துவிட்டால், தெரியாமல் உள்ளே வந்த மாட்டின் நோயும் தட்டுக்கு வராது. அதனால்தான் ஒப்பந்தங்கள் மாட்டின் வயதையும் எலும்பையும் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசு பிடிபட்டதும் அமெரிக்க இறைச்சியை நிறுத்திய ஜப்பான், 2005 டிசம்பரில் திறந்தது. ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2006 ஜனவரி 20 அன்று நரிட்டா விமான நிலையத்தில் வந்திறங்கிய கன்றிறைச்சிப் பெட்டியில் முதுகெலும்பு இருந்ததைக் கண்டு மறுபடி மூடிவிட்டது. அந்தக் கன்றுக்கு நோய் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் போயிற்று.

ஜூன் 11

கொஞ்சம் தடம் மாறுகிறேன், ஆனால் ஆலையை விட்டு வெளியே போகவில்லை. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வேதிப்பொருள் நிறுவனம், மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மெக்னீசியம் ஆக்சைடை நியூட்ரிமாஸ்டர் என்ற பெயரிலும், பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பிபிபி என்ற நச்சுப்பொருளை ஃபயர்மாஸ்டர் என்ற பெயரிலும் விற்றுவந்தது. மூட்டை மாறித் தீவன ஆலைக்குப் போய்விட்டது. மாடுகள் தீவனத்தை ஒதுக்கின, பால் வற்றியது, குளம்புகள் கோணலாக வளர்ந்தன. வேதியியல் படித்திருந்த ஒரு பண்ணைக்காரர் விடாமல் மாதிரிகளை அனுப்பிக்கொண்டே இருந்ததால்தான் அடுத்த ஆண்டு உண்மை வெளிவந்தது. ஏறத்தாழ 30,000 மாடுகள் அழிக்கப்பட்டன.

என்னைத் தொட்டது மூட்டை மாறிய கதை அல்ல. அது யாருக்கும் நடக்கும். மூட்டைகள் தீர்ந்த பிறகும், கலவை எந்திரங்களில் ஒட்டியிருந்த மிச்சத்திலிருந்து வேறு பண்ணைகளின் தீவனத்துக்கு நஞ்சு சிறுகச் சிறுகப் போய்க்கொண்டே இருந்தது. பிரிட்டனின் 40,000 கன்றுகளுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாடம் எழுதப்பட்டுவிட்டது. கடல் தாண்டிப் படித்தவர் இல்லை.

ஜூன் 12

கோமாரியையும் பிஎஸ்இயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருப்பவருக்கு: கோமாரி வைரஸ் நோய். காற்றிலும் வண்டிச் சக்கரத்திலும் பரவும், மூச்சுவிடுவதற்குள் ஊரைச் சுற்றும். அங்கே எல்லையை உடனே மூடுவதற்கு முழு நியாயம் இருக்கிறது. இருந்தாலும் தீவனத்துக்கும் அதற்கும் உறவு உண்டு. 2001இல் பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல வைத்த கோமாரி, சரியாக வேகவைக்காத எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையிலிருந்து தொடங்கியதாகவே விசாரணை கண்டது.

ஜூன் 15

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். "தேடாதவனுக்குச் சந்தை" என்ற வரியை நான் அன்று மறுக்காமல் விட்டுவிட்டேன். உலக விலங்குநல அமைப்பு நாடுகளைப் புறக்கணிக்கத்தக்க அபாயம், கட்டுப்படுத்தப்பட்ட அபாயம், தீர்மானிக்கப்படாத அபாயம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தேடாத நாடு மூன்றாவது பெட்டியில் கிடக்கும். ஆகவே காகிதத்தில் தேடாதவனுக்குப் பரிசு இல்லை. மேலும், பிரேசில் தானே நிறுத்திக்கொண்டது சீனாவுடன் முன்பே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படிதான். சீனா திறப்பதை மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தடித்தது மட்டுமே பேரம் என்ற சந்தேகத்துக்கு இடம் தருகிறது. 2023 பிப்ரவரியில் பாரா மாநிலத்தில் இன்னொரு பசு பிடிபட்டபோது மார்ச் 23 அன்றே திறந்துவிட்டார்கள்; ஒரே ஒப்பந்தம், ஒரே வகை நோய், மூன்றில் ஒரு பங்கு காலம். அதே ஆண்டு மே மாதம் சர்வதேச விதிகளும் திருத்தப்பட்டன. எனவே உங்கள் குற்றச்சாட்டு 2021க்குப் பொருந்தும், விதிக்குப் பொருந்தாது.

எல்லையை மூடுவதே கூடாது என்பவர்களுக்கு ஒன்று. 1990 மே மாதம் பிரிட்டனின் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் தன் சிறு மகளுக்கு பர்கர் ஊட்டி இறைச்சி பாதுகாப்பானது என்று காட்டினார். 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீஃபன் டோரல், மனிதர்களில் புதுவகை மூளைநோய் கண்ட பத்துப் பேருக்கும் பிஎஸ்இக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டனின் மாட்டிறைச்சி ஏற்றுமதி முழுவதையும் தடுத்தது. அந்த நோயால் பிரிட்டனில் இறந்தவர்கள் 178 பேர். தடை முழுமையாக நீங்க 2006 மே ஆயிற்று. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் பத்தாண்டு ஆகியிருக்காது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்; பர்கர் உதவவில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஜூன் 16

இறக்குமதி செய்யும் நாட்டின் ஆய்வாளர் ஆலைக்கு வந்தால் என்னதான் பார்ப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தீவனம் தின்ற மாடுகள் ஏற்றுமதி இறைச்சிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஒருமுறை ஒருவர் வந்தார். நான் மேலே சொன்ன அடிக்குழி சம்பவத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. இரண்டு மணி நேரம் கோப்புகளைப் புரட்டினார். எந்தத் தொகுதிக்குப் பின் எந்தத் தொகுதி ஓடியது, நடுவில் எத்தனை கிலோ தவிட்டை ஓட்டி எந்திரத்தைக் கழுவினோம், எல்லாம் கையொப்பத்தோடு இருந்தன. மேலாளர் மதிய உணவுக்குச் சொல்லிவிட்டார். வந்தவர் கோப்பை மூடிவிட்டு ஒரு டார்ச் விளக்குக் கேட்டார். அடிக்குழியின் மூடியைத் திறக்கச் சொல்லி, குந்தி உட்கார்ந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, சாவிக்கொத்தில் இருந்த சாவியால் மூலையைச் சுரண்டினார். விரல்நுனியளவு வந்தது. அதைச் சிறு உறையில் போட்டு என்னிடம் நீட்டி, தேதியை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மதிய உணவு ஆறிப்போயிற்று.